பூனைக்குட்டியின் கண்

பெருமதிப்புக்குரிய அவைத் தலைவர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, காலையிலிருந்து ஓடியாடி மைக் கட்டிய மாணவத் தம்பி தங்கைகளே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய பெரியவர்களுக்கு என் நன்றி.

மனித ரத்தக்குழாய் வளரும் விதத்தை உயிருள்ள விலங்குகளில் வைத்து ஆராய்வதுதான் இன்றைய தலைப்பு. கண்ணாடித் தட்டிலும் உயிரணுவை வளர்க்கலாம். ஆனால் அதில் இதயம் துடித்து ரத்தம் பாய்வதில்லை. அதனால்தான் உயிருள்ள உடல் தேவைப்படுகிறது. கோழிக் கரு, பூனைக்குட்டி, எலி என்று மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

கோழி முட்டை ஓட்டில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டினால், உள்ளே சவ்வில் சிவப்புக் குழாய்கள் கிளைவிட்டிருப்பது தெரியும். அதன்மேல் மனிதப் புற்றுக்கட்டியின் துணுக்கை வைத்து மூடி, இன்குபேட்டரில் வைத்தால், சில நாளில் குழாய்கள் அதை நோக்கி வளர்ந்திருக்கும். சரி, பூனைக்குட்டிக்கு வருகிறேன்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். ஆக்சிஜனை விட அமிர்தம் எது? 1940-களில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உயிர் பிழைத்தது. பார்வை போயிற்று. கண்ணின் லென்ஸுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. 1942-இல் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை விவரித்தார். 1951-இல் மெல்போர்னில் குழந்தை மருத்துவரான கேட் கேம்பெல் என்ற அம்மையார் ஆக்சிஜன் மேல் சந்தேகப்பட்டார். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலுமாக உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்துவிட்டார்கள்.

அந்தச் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க, லண்டனில் நார்மன் ஆஷ்டன் என்ற கண் ஆராய்ச்சியாளர் பூனைக்குட்டிகளைத் தேர்ந்தெடுத்தார். காரணம் உண்டு. பிறந்த பூனைக்குட்டியின் விழித்திரையில் ரத்தக்குழாய் பாதி வழிதான் வந்திருக்கும், குறைமாதக் குழந்தைக்கு இருப்பதைப் போலவே. குட்டிகளை மிகுந்த ஆக்சிஜனில் வைத்தார். இளங்குழாய்கள் சுருங்கி அடைத்துக்கொண்டன. வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்ததும், ஆக்சிஜனுக்குப் பசித்த விழித்திரை கூப்பிட, புதுக் குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பின. குழாயில் மை செலுத்திப் பார்த்தபோது எது அடைபட்டது, எது புதிதாக முளைத்தது என்பது கண்முன் தெரிந்தது. குழந்தையின் கண்ணில் நடந்ததும் இதுதான்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அந்தக் குட்டிகளுக்கு மனித இனம் கடன்பட்டிருக்கிறது.

எலியைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. தொப்புள்கொடியில் எடுத்த மனித உயிரணுக்கள் எலியின் உடலுக்குள் குழாய்களாகி, அவற்றில் எலியின் ரத்தம் ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அது தனிச் சொற்பொழிவுக்குரியது.

நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்னதாகவே. இன்று ஆக்சிஜனை அளந்துதான் கொடுக்கிறார்கள். ஆனாலும் சில குழந்தைகளுக்கு இந்த நோய் வரும். உரிய காலத்தில் பிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. தவறவிட்டால் விழித்திரை பிய்ந்துவிடும். வெளியே கண் பளிச்சென்று இருக்கும், தாய்க்கு எதுவும் தெரியாது.

மருத்துவப் பெருமக்களே, டிஸ்சார்ஜ் அட்டையில் கண் பரிசோதனைத் தேதியைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இதற்குப் பயிற்சி பெற்ற ஒரு கண் மருத்துவர் வேண்டும் என்று மனு தயாரித்திருக்கிறோம். வாசலில் மேசை போட்டிருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும். மற்றவர்கள் சாப்பிடப் போகுமுன் போட்டுவிடுங்கள்.