தூங்கச் சொல்கிறீர்களே, நேரம் யார் தருவது?

நடுவர் அவர்களே, வணக்கம். டிமென்ஷியா என்கிற மறதி நோய் வருவதும் வராததும் அவரவர் பழக்கத்தில்தான் இருக்கிறது, நன்றாகத் தூங்குங்கள், நடங்கள், குறுக்கெழுத்துப் போடுங்கள் என்று எதிரணி நண்பர் சொல்லிவிட்டு அமர்ந்தார். பழக்கத்தைவிடப் பார்க்கிற வேலைக்குத்தான் இதில் பெரிய பங்கு என்பது எங்கள் கட்சி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நாலு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஓடுகிறவரிடம் இதைச் சொல்ல எப்படி ஐயா மனசு வருகிறது? ஐம்பது வயதில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா அதிகம் என்று, லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடரும் இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 2021-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கத்தை முடிவு செய்வது ஷிப்ட் போடுகிறவர் அல்லவா?

காதை எடுத்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியாவுக்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் போட்ட பட்டியலில் செவித்திறன் இழப்பும் இருக்கிறது. இருபது வருடம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்றவருக்கு குழந்தைக் குரல் போன்ற கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் நழுவும். பேத்தி ஒன்று கேட்க, இவர் வேறொன்று சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் நாலு பேர் கூடுகிற இடத்தில் அவர் வாயே திறப்பதில்லை. பேச்சு சுருங்கினால் மூளைக்கு வேலையும் சுருங்குகிறது. இதில் அவருடைய பழக்கம் எங்கே வந்தது?

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் டென்ஷன் அதிகம் என்று நாம் நம்புகிறோம். 1967-இல் தொடங்கிய முதல் வைட்ஹால் ஆய்வு அதைக் கவிழ்த்துப் போட்டது: இதய நோயால் இறந்தவர்கள், மேல்பதவிக்காரர்களைவிடக் கடைநிலை ஊழியர்களில் மூன்று மடங்குக்கும் மேல். வேலை மலையளவு, முடிவெடுக்கும் உரிமையோ கடுகளவும் இல்லை, கழிப்பறைக்குப் போகக்கூட ஒருவர் தலையாட்ட வேண்டும் என்கிற நிலைதான் ஆளைக் கொல்கிறது. இதயத்தின் ரத்தக்குழாயைக் கெடுப்பது மூளையின் ரத்தக்குழாயை மட்டும் விட்டுவைக்குமா?

மரபணு உண்டு, வயது உண்டு, மறுக்கவில்லை. படித்தவர்களே நல்ல வேலைக்குப் போகிறார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம் என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், யோசிக்க இடம் தராத வேலை பார்த்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 7.3 பேருக்கு டிமென்ஷியா வந்தது, யோசித்து முடிவெடுக்கும் வேலையில் இருந்தவர்களில் 4.8. கல்வியைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. அரை மணி நேரக் குறுக்கெழுத்தை நம்பச் சொல்கிற நண்பரே, தினமும் எட்டு மணி நேரம் அந்த மூளையைப் பூட்டி வைத்தவர்களைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை?