முதலில் பிறன், அப்புறம் சபை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாக்களிக்கும்போது கிறிஸ்தவர் முதலில் பார்க்க வேண்டியது திருச்சபையின் உரிமையா, பிறனின் நலமா? இதுதான் தலைப்பு. பிறனின் நலமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். சபைக்குச் சுதந்திரம் இருந்தால்தானே அது நாலு பேருக்கு நல்லது செய்யும், ஆகவே சபையைக் காப்பவருக்கே வாக்கு என்றார். சான்றுக்கு ஹிட்லர் காலத்துப் பார்மன் அறிக்கையைக் காட்டினார். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். ஹிட்லர் அரசுக்கு அடங்க மறுத்த ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் சபையினர் 1934 மே மாதம் வெளியிட்ட அறிக்கை அது. சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே, அரசு அதை ஆட்டிவைக்க முடியாது என்றது. பெரிய துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிக்கு வரி தேடிப் பாருங்கள், யூதர் படும் பாட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டும் சட்டம் முந்தைய ஆண்டே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும் சபைக்கு அவர் மேல் கடமை உண்டு என்று ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் அப்போதே எழுதியும்விட்டார். வேலியையே பார்த்துக்கொண்டு நின்றால் பக்கத்து வீடு எரிவது எப்படித் தெரியும்?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், பிறன் நலம் என்று இறங்கினால் ஆளுக்கொரு வசனத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார். வசனத்தைப் பிடித்துக்கொண்டவர்களை விடுங்கள் ஐயா, வெட்டி எறிந்தவர்களைப் பார்ப்போம். 1791-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், பிறன் நலம் தேடிய கிறிஸ்தவ உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த அடிமை வணிக ஒழிப்பு மசோதா 163-க்கு 88 என்று தோற்றது. 1807-இல் பிரிட்டிஷ் மக்களவையில் 283-க்கு 16 என்று வென்றது. அதே 1807-இல், அதே லண்டனில், கரீபியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சானது. 1189 அதிகாரங்களில் மிஞ்சியது 232. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதை போயிற்று. ‘அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை’ என்று பவுல் எழுதியதும் போயிற்று. அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு எஜமானுக்கு உண்மையாக உழைத்த கதை மட்டும் பத்திரமாக இருக்கிறது! வெட்டியவர்களும் சபைக்கு ஆள் சேர்க்கத்தான் அதை அச்சடித்தார்கள் என்பதை நடுவர் கவனிக்க வேண்டும். சபை வளர்ந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு, எதிரே நிற்பவனின் கால் விலங்கு கண்ணில் படவில்லை.

மதச் சுதந்திரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். அதை எல்லா மதத்தாருக்கும் சேர்த்துக் கேளுங்கள், அப்போது நீங்கள் எங்கள் அணிக்கே வந்துவிடுகிறீர்கள்.

கடைசியாக ஒன்று. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதினார். அந்த ஊர் அவர்களுடைய விரோதியின் ஊர், அங்கே கும்பிட்ட தெய்வங்களும் வேறு. உங்களுக்கென்று தனிச்சலுகை கேட்டு வாங்குங்கள் என்றா எழுதினார்? அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்றார். அடுத்துப் பேசவரும் எதிரணி அம்மையார் எரேமியா 29-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இதற்குப் பதில் சொல்லட்டும்.