திருத்தந்தை மாற்றிய ஒரு சொல்: அது மன்னிப்புக் கேட்டதாகுமா?

[திரையில்: ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகம், ஜெர்மனி, 12 செப்டம்பர் 2006]

வணக்கம். "வருந்துகிறேன்" என்பதும் "மன்னியுங்கள்" என்பதும் ஒன்றுதானா? ஒரு மதத் தலைவரின் பேச்சு பிற மதத்தாரைப் புண்படுத்தினால் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்ற கேள்வி, உலகம் முழுவதும் எதிரொலித்த ஒரு நிகழ்வில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவேதான் சிக்கிக்கொண்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைய திருத்தந்தை (போப்) 16ஆம் பெனடிக்ட், தாம் முன்பு பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து, நம்பிக்கையும் பகுத்தறிவும் குறித்து உரையாற்றினார். உரையின் தொடக்கத்தில், பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) பேரரசர் 2ஆம் மனுவேல் ஒரு பாரசீக அறிஞரோடு நடத்திய விவாதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டினார். முஹம்மது நபி புதிதாகக் கொண்டுவந்தவை தீயவையும் மனிதத்தன்மையற்றவையுமே என்றும், வாளால் மார்க்கத்தைப் பரப்பும்படி அவர் கட்டளையிட்டார் என்றும் அந்த வாக்கியம் கூறுகிறது.

இந்த மனுவேல் யார் என்று தேடத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த கதையை முழுதாகச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். விவாதம் நடந்த காலம் 1391ஆம் ஆண்டுக் குளிர்காலம், இடம் அங்காராவை ஒட்டிய படைப்பாசறை. யாருடைய பாசறை என்று நினைக்கிறீர்கள்? உதுமானிய சுல்தான் 1ஆம் பாயசீதின் பாசறை. பெயரளவில் பேரரசராக இருந்த மனுவேல், உண்மையில் சுல்தானுக்குக் கப்பம் கட்டி, அவர் அழைக்கும்போதெல்லாம் படையோடு போய் நிற்க வேண்டியவராக இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில், ஆசியா மைனரில் பைசாண்டியருக்கு எஞ்சியிருந்த பிலடெல்பியா நகரைச் சுல்தான் கைப்பற்றியபோது, தம் முன்னோர் ஆண்ட நகரின் முற்றுகையில் எதிர்த்தரப்பில் நிற்கும் நிலையும் அவருக்கு நேர்ந்தது. அப்படிப்பட்ட ஒருவர், பகலில் சுல்தானுக்காகக் குதிரையேறி, ஓய்வு நேரத்தில் முஸ்லிம் அறிஞர் ஒருவருக்கு முன்னால் அமர்ந்து வாளால் பரப்பப்படும் மதத்தைப் பற்றி வாதிடுகிறார் என்றால், அந்தக் கோபத்தில் இறையியல் எவ்வளவு, தோற்ற அரசனின் மனக்கசப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். எதிரில் இருந்தவரோ அதைக் கேட்டுக்கொண்டு விவாதத்தைத் தொடர்ந்தார். 615 ஆண்டுகள் கழித்து அதே வாக்கியம் வேறொருவர் வாயில் வந்தபோது, பாசறையும் குளிரும் கப்பமும் கழன்றுபோய், வசை மட்டுமே கேட்டவர் காதில் விழுந்தது.

என் பார்வையில் தவறு நேர்ந்த இடம் இதுதான். மேற்கோள் குறியைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்க முடியாது. திருத்தந்தையாகும் முன் ராட்சிங்கர் என்ற பெயரில் பேராசிரியராக இருந்தபோது தம் மாணவர்களுக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். திருத்தந்தை படித்தால் அது திருச்சபையின் குரலாகிவிடும். "நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்" என்பது பள்ளிக்கூடத்திலேயே செல்லுபடியாகாத வாதம் அல்லவா?

[திரையில்: காஸ்தல் கந்தோல்ஃபோ, இத்தாலி, 17 செப்டம்பர் 2006]

ஐந்து நாள் கழித்து, ஞாயிறு மூவேளை செப உரையில், தம் உரையின் சில பகுதிகளுக்குச் சில நாடுகளில் எழுந்த எதிர்வினைகளுக்காக ஆழ்ந்து வருந்துவதாகவும், அந்தப் பகுதிகள் தம் சொந்தக் கருத்தல்ல என்றும் அவர் கூறினார். கவனியுங்கள்: வருத்தம் எதிர்வினைகளுக்காக, சொன்ன சொல்லுக்காக அல்ல. "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் நம் ஊர் மேடை விளக்கங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வாக்கிய அமைப்பு புதிதல்ல. இவருக்கு முன்பிருந்த 2ஆம் யோவான் பவுல், 2001இல் ஏதென்சு நகரில், 1204இல் சிலுவைப் போர் வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதையும் நினைவுகூர்ந்து, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கத்தோலிக்கர் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டியிருந்தார். 797 ஆண்டுகளுக்கு முன் மற்றவர்கள் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது, ஐந்து நாளுக்கு முன் தாமே பேசியதற்குக் கேட்பதைவிட எளிது போலும்.

ஆனால், வாயால் கேட்காததைப் பின்னர் எழுத்தில் செய்தார் என்பதே என் கட்சி. மேடையில், பேரரசரின் பேச்சை "நம்மை வியக்கவைக்கும் கடுமை" என்ற பொருளில்தான் அறிமுகப்படுத்தினார். அச்சில் வந்த இறுதி வடிவத்தில் அது "நம்மால் ஏற்க முடியாத கடுமை" என்று மாறியது. முஸ்லிம்களின் சினம் புரிந்துகொள்ளத்தக்கது என்றும், குர்ஆன்மீது தமக்கு மதிப்பு உண்டு என்றும் அடிக்குறிப்பும் சேர்த்தார். அவர் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு இந்தத் திருத்தத்தில் இருக்கிறது. அதை அடிக்குறிப்பில் வைத்ததுதான் குறை.

எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது. உரைக்கு எதிர்ப்பாகத் தேவாலயங்கள் தாக்கப்படும்போது கேட்கும் மன்னிப்பு, மிரட்டலுக்குப் பணிந்ததாகாதா? அதே 17ஆம் தேதி, சோமாலியாவின் மொகதிசுவில் மருத்துவமனைப் பணியில் இருந்த இத்தாலிய அருட்சகோதரி லியோனெல்லா ஸ்கொர்பாத்தி சுட்டுக் கொல்லப்பட்டார். இறக்கும் தறுவாயில் அவர் "மன்னிக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்தக் கொலைக்கான பழி சுட்டவர்களையே சேரும்; அதை உரையாற்றியவர் தலையில் கட்டவும் கூடாது, அவர் சொல் திருத்தாமலிருக்கக் காரணமாக்கவும் கூடாது.

எனக்குப் பிடித்த பதில் அக்டோபரில் வந்தது. முஸ்லிம் அறிஞர்கள் 38 பேர் எழுதிய திறந்த மடல், மன்னிப்பைக் கேட்டு வாங்குவதைவிட உரையைத் திருத்துவதிலேயே அக்கறை காட்டியது. "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற குர்ஆன் வசனம் நபி வலிமையற்றிருந்த தொடக்க காலத்தது என்று திருத்தந்தை கூறியிருந்தார். இல்லை, அது முஸ்லிம்கள் வலிமை பெறத் தொடங்கிய மதீனா காலத்தது என்று மடல் சுட்டிக்காட்டியது.

[திரையில்: இஸ்தான்புல், 30 நவம்பர் 2006]

நவம்பர் இறுதியில் பெனடிக்ட் நீலப் பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றிவிட்டுச் சென்று, நகர முஃப்தியின் (இஸ்லாமியச் சமயத் தலைவரின்) அருகே மக்காவின் திசை நோக்கி மௌனமாக நின்றார். பிறகு இருவரும் பரிசு மாற்றிக்கொண்டார்கள். முஃப்தி கொடுத்த பீங்கான் ஓட்டில் புறா; திருத்தந்தை கொடுத்த மொசைக்கிலும் புறாக்கள். பேசி வைத்துக்கொண்டு செய்தார்களா என்று தெரியாது, ஆனால் அங்கே பேரரசர் எவரையும் அவர் மேற்கோள் காட்டவில்லை.