நெற்கதிரின் கிளைகளும் நுண் ஆர்என்ஏக்களும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். வன்னியில் காலபோக வயலைப் பார்வையிடும் எந்த விவசாயியும், பயிர் அடியிலிருந்து எத்தனை மட்டம், அதாவது பக்கத் தண்டு, வெடித்திருக்கிறது, அவற்றுள் எத்தனை கதிராகும் என்றே முதலில் கணக்கிடுவார். அந்தக் கணக்கில் நீருக்கும் உரத்துக்கும் உள்ள பங்கை நாம் அறிவோம். பயிரின் கலங்களுக்குள் இருக்கும், ஏறத்தாழ 21 அலகுகளே நீளமான நுண் ஆர்என்ஏக்களின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மரபணுவின் செய்தி தூது ஆர்என்ஏயாகப் படியெடுக்கப்பட்டு, அதன்படி புரதம் உருவாகிறது. நுண் ஆர்என்ஏயோ புரதம் எதையும் உருவாக்குவதில்லை. தன் வரிசைக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏயுடன் இணைந்து, அது வெட்டப்படவோ, அதிலிருந்து புரதம் உருவாகாது தடைப்படவோ வழிசெய்கிறது. முதலில் 1993இல் ஒரு சிறு புழுவில் அறியப்பட்ட இம்மூலக்கூறுகள், 2002இல் தாவரங்களிலும் இனங்காணப்பட்டன. புழுவில் அவற்றை வெளிப்படுத்திய விக்டர் அம்புரோசும் கேரி ருவ்குனும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

தாவரக் கூர்ப்பில் இவற்றின் இடம் வியப்புக்குரியது. இலையின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் வேறுபடுத்த உதவும் நுண் ஆர்என்ஏ 166, ஈரச் சுவரில் படரும் பாசிச்செடியிலும் நெல்லிலும் ஏறக்குறைய ஒரே வரிசையுடன் காணப்படுகிறது. அவ்விரு கிளைகளும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஒரே நுண் ஆர்என்ஏ ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பல மரபணுக்களை ஒருங்கே கட்டுப்படுத்துவதால், அதன் வரிசை மாறினால் அவை அனைத்தும் ஒரேயடியாகக் குழம்பும்; ஆகவே அத்தகைய மாற்றங்கள் நிலைப்பதில்லை. மாறாக, மரபணுவொன்று தலைகீழாக இரட்டிப்பதால் புதிய நுண் ஆர்என்ஏக்கள் தோன்றுவதும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை பயனின்றி விரைவில் மறைகின்றன.

பழைய நுண் ஆர்என்ஏ மாறாதிருந்தாலும், அது இணையும் இடம் ஒரு மரபணுவில் மட்டும் மாறலாம். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுவே. கோதுமையின் மணி உமியிலிருந்து எளிதில் பிரிவதற்கு, நுண் ஆர்என்ஏ 172 இணையுமிடத்தில் நேர்ந்த மாற்றம் முக்கிய காரணம். நெல்லில், நுண் ஆர்என்ஏ 156 இணையும் இடத்தில் மரபணு வரிசையின் ஒரேயொரு எழுத்து மாறினால், அதன் பிடி தளர்ந்து, மட்டங்கள் குறைந்து, தண்டு தடித்து, கதிர் கூடுதலாகக் கிளைக்கிறது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர்.

இத்தகைய பயிர் வன்னிக்குப் பொருந்துமா? நெருக்கமாக விதைக்கப்படும் வயலில், பலன் தராத மட்டங்கள் குறைவது நன்மையே. எனினும் மழை பிந்தி முளைப்பு ஐதானால், அதிக மட்டம் வெடிக்கும் இனமே வெற்றிடங்களை நிரப்பும். ஆகவே கதிரின் பருமனை மட்டும் பார்த்து இனத்தைத் தெரிவுசெய்வதை நான் ஏற்கமாட்டேன். இரணைமடுக் குளத்தின் கீழ் நீர் உறுதியாகக் கிடைக்கும் வயல்களையும், மானாவாரி வயல்களையும் தனித்தனியே சோதித்த பின்னரே இதற்கு விடை கூற வேண்டும்.