கண்ணை நம்பாதீர்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், பனியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம். எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் அரை நிமிடம் மைக்கை இறக்குவதிலேயே போய்விட்டது.

நீச்சல் பந்தயத்தில் வென்றவர் யார் என்று சொல்ல நம்பத் தகுந்தது மனிதக் கண்ணா, மெஷினா? இதுதான் தலைப்பு. நாங்கள் மெஷின் பக்கம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வந்த பக்கம்தான், அது வேறு விஷயம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். "மெஷினை நம்பச் சொல்கிற இந்த அண்ணன், ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் ஏறி, வந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த பிளாட்பாரத்து மெஷினில் போய் ஏறுகிறவர்" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். அது பரவாயில்லை. முன்வரிசையில் என் மனைவி எழுந்து நின்று கைதட்டினார், பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கணக்கை அப்புறம் தீர்க்கிறேன். முதலில் ரோமாபுரிக்குப் போய்விட்டு வருவோம்.

1960. ரோம் ஒலிம்பிக். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட், அமெரிக்காவின் லான்ஸ் லார்சன். கடைசி சில மீட்டரில் லார்சன் எட்டிப் பிடிக்கிறார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டது போல இருக்கிறது. டெவிட் என்ன செய்தார் தெரியுமா? லார்சனுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்! தோற்றவனே "நீதான்ப்பா ஜெயிச்சே" என்று சொல்லியாகிவிட்டது. பஞ்சாயத்து அதோடு முடிந்திருக்க வேண்டுமா, இல்லையா?

முடியவில்லை. ஏனென்றால் அங்கே நடுவர்கள் இருந்தார்கள்.

நடுவர் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அந்த நடுவர்களைச் சொல்கிறேன்.

முதலிடம் யாருக்கு என்று பார்க்க மூன்று பேர். இரண்டாமிடம் யாருக்கு என்று பார்க்க வேறு மூன்று பேர். முதல் மூவரில் இரண்டு பேர், "டெவிட்தான் முதல்" என்றார்கள். சரி, முடிந்தது. அடுத்த மூவரைக் கேட்டால், அவர்களிலும் இரண்டு பேர், "டெவிட்தான் இரண்டாவது" என்றார்கள்!

பின்வரிசையில் ஒரு பெரியவர் தலையைச் சொறிகிறார். அவருக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். டெவிட் முதல். டெவிட்டே இரண்டாவது. அப்படியானால் லார்சன் எங்கே? குளத்துக்குள்ளேயே இருக்கிறாரா? ஆறு ஜோடிக் கண், மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மொய்க் கணக்குப் பார்த்தால்கூட இதைவிட ஒத்துப்போயிருக்கும்.

போகட்டும். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்களே, ஒருவருக்கு மூன்று பேர் வீதம்? டெவிட்டுக்கு மூன்று கடிகாரமும் 55.2 விநாடி. பேசி வைத்தது போல 55.2, 55.2, 55.2. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. இங்கே முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், எது சின்ன எண் என்று. போதாக்குறைக்கு ஒரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் லார்சன் 55.10, டெவிட் 55.16. அந்த வேகத்தில் 0.06 விநாடி என்றால் பத்து, பதினொரு சென்டிமீட்டர். அரைச் சாண்! ஆனால் மெஷின் சொல்வதை ஏற்க வேண்டிய கட்டாயம் அன்றைக்குக் கிடையாது.

இப்போது எழுந்து வருகிறார் தலைமை நடுவர். ஸ்வீடன்காரர், பெயர் ஹான்ஸ் ருன்ஸ்ட்ரோமர். "டெவிட்டுக்குத் தங்கம்" என்றார். அய்யா, கடிகாரம் வேறு சொல்கிறதே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று எழுதிவிட்டார்கள்! லார்சனுக்கு ஓடிய மூன்று கடிகாரத்தில் ஒன்றுகூட 55.2 காட்டவில்லை, அய்யா. ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர்கூடக் கூட்டி வராத தொகையை எழுத மாட்டார். வருகிற தொகையைத் தப்பாகக் கூட்டுவார், அவ்வளவுதான்.

அமெரிக்கா முறையிட்டது. பல வருஷம் முறையிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

சரி, இப்போது என் எடைக்கு வருகிறேன்.

சகோதரி சொன்னது உண்மைதான். ஏறினேன். விளக்கெல்லாம் மின்னியது, சக்கரம் சுற்றியது, அட்டை விழுந்தது. 92 கிலோ. அட்டையின் பின்னால், 'கூர்மையான அறிவுடையவர்' என்று அச்சடித்திருந்தது. முன்பக்கத்தை நம்பவில்லை, பின்பக்கத்தை நம்பினேன். அடுத்த பிளாட்பாரம் போனேன். அங்கேயும் 92. இந்தத் தடவை பின்னால், 'உறவினரால் தொல்லை'. ஸ்டேஷனுக்கு வெளியே ஒன்று இருந்தது. காசைப் போட்டேன், வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்தேன். என் கண்ணுக்கு எழுபது கிலோதான் தெரிந்தது! இப்போது சொல்லுங்கள் சகோதரி, பொய் சொன்னது எது? ஒன்றையொன்று பார்க்காத இரண்டு மெஷின், இரண்டு பிளாட்பாரம், ஒரே எண். பொய் சொன்னது என் கண். நான் பேச வேண்டிய பாயிண்டை எனக்காக நீங்களே பேசிவிட்டீர்கள். மிச்சக் கைதட்டலை என் மனைவி இப்போது தட்டலாம்.

தட்டவில்லை. பரவாயில்லை.

ரோமில் அன்று பட்ட அசிங்கம் சும்மா போகவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சுவரிலேயே தொடுபலகை வைத்துவிட்டார்கள். அலை அடித்தால் ஏமாறாது, கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். 1972 மியூனிக்கில் அதை வைத்துக்கொண்டு ஆயிரத்தில் இரண்டு பங்கு விநாடி வித்தியாசத்தில் நான்கு வகை நீச்சலும் சேர்ந்த 400 மீட்டர் மெட்லியில் ஒருவருக்குத் தங்கம், ஒருவருக்கு வெள்ளி என்று பிரித்தார்கள். அப்புறம்தான் யோசித்தார்கள், குளத்தின் சுவரையே அவ்வளவு துல்லியமாகக் கொத்தனார் கட்ட முடியாதே என்று. நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள், அதிலும் சமம் என்றால் இருவருக்கும் கொடு என்று விதியை மாற்றினார்கள்.

அதனால் என்ன ஆயிற்று? 2000, சிட்னி. ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். போவதும் இல்லை, வருவதும் இல்லை, ஒரே நீளம். அந்தோனி எர்வின், 19 வயது. கூட நீந்தியவர், அவரோடு சேர்ந்து பயிற்சி செய்த கேரி ஹால் ஜூனியர். முந்தைய வருஷம்தான் சர்க்கரை நோய் என்று தெரிந்து, ஊசி போட்டுக்கொண்டு நீந்துகிறவர். இரண்டு பேரும் தொட்டார்கள். பலகை எர்வினுக்கு 21.98 என்றது. ஹாலுக்கும் 21.98. அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் இரண்டு பேரும் அடக்கம். இரண்டு தங்கம், யாருக்கும் வெள்ளி இல்லை. ஆறு ஜோடிக் கண் இருந்திருந்தால் அன்றைக்கு ஒருவர் அழுதிருப்பார்.

அந்த இரண்டு தங்கமும் என்ன ஆயின என்று சொல்லிவிடுகிறேன், மணி அடிக்காதீர்கள்.

ஹாலின் பதக்கம் 2025 ஜனவரியில், லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டுத்தீயில் போயிற்று. வீட்டை விட்டு ஓடும்போது இன்சுலினையும் நாயையும் எடுத்துக்கொண்டார். பத்து ஒலிம்பிக் பதக்கங்களை விட்டுவிட்டார். பிறகு ஒலிம்பிக் கமிட்டி நகல் செய்து கொடுத்தது.

எர்வினின் பதக்கத்தை எந்தத் தீயும் தொடவில்லை. அவரே இணையத்தில் ஏலம் விட்டார். 17,101 டாலர். அதை அப்படியே சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார். எந்த சுனாமி? 2004 டிசம்பர் 26. நம் சுனாமி.

பதினொரு வருஷம் கழித்து, 2016 ரியோவில், 35 வயதில், அதே 50 மீட்டரில் 21.40 விநாடியில் மறுபடி தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்தவர் 21.41. இதுவும் மெஷின் சொன்னதுதான், என் அணிக்காகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நடுவர் அவர்களே, "ஒலிம்பிக் தங்கத்தைப் போய் யாராவது விற்பார்களா?" என்று இந்தத் தலைப்புக்குப் படித்துக்கொண்டிருந்தபோது என் மகன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சுனாமி வந்த அந்த வாரம் நான் நாகப்பட்டினத்தில் அரிசி மூட்டை இறக்கப் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரு பாட்டி ரேஷன் கார்டைக் காயவைத்துக்கொண்டிருந்தார். பழைய புத்தகம் மாதிரி கார்டு, உப்புத் தண்ணீரில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தார். உள்ளே ஐந்து பெயர். மேலிருந்து ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது பெயரில் விரல் நின்றுவிட்டது. நான் மூட்டையைத் தோளில் வைத்தபடி நின்றேன். அவர் அந்த விரலை எடுக்கவே இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.