இரண்டு பேர் போதாதாம்! 880 கார்பூல் லேன் கதை

வணக்கம் நண்பர்களே. ஓட்டிக்கொண்டே பேசவில்லை, வண்டி நிற்கிறது. கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஆபீஸ் பார்க்கிங்கில் இருக்கிறேன். முதல் மீட்டிங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.

இதோ, இதைப் பாருங்கள். கண்ணாடியில் மாட்டியிருக்கிற இந்தச் சின்னப் பெட்டி. ஃபாஸ்ட்ராக் ஃப்ளெக்ஸ், டோல் கட்டுகிற கருவி. நம் ஊர் ஃபாஸ்டேக் இல்லை, பெயர் மட்டும் அக்கா தங்கை மாதிரி. இதில் 1, 2, 3 என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. வண்டிக்குள் எத்தனை பேர் என்று நாமே தள்ளி வைக்க வேண்டும். தனியாக வந்தால் முழு டோல், இரண்டு பேர் என்றால் பாதி, மூன்று பேர் என்றால் இலவசம். நான் இருக்கிற யூனியன் சிட்டியிலிருந்து மில்பிடாஸ் வரை 880-ஆம் நம்பர் ஃப்ரீவேயில் இடது ஓரத்து லேனுக்கு இதுதான் விதி.

முன்பு அப்படி இல்லை. அது வெறும் கார்பூல் லேன், அதாவது ஒரே வண்டியில் சேர்ந்து வருகிறவர்களுக்கு மட்டும். இரண்டு பேர் இருந்தால் போதும், காசே கிடையாது. நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் வருடக்கணக்கில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தோம். காலை ஏழேகாலுக்கு அவர் வாசலில் நிற்பார், பெட்ரோல் ஆளுக்கு ஒரு வாரம். 2020 அக்டோபரில் அதை எக்ஸ்பிரஸ் லேன், அதாவது டோல் லேன் ஆக்கிவிட்டார்கள். கோவிட் நேரம், ரோடே காலி, அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. மறுபடி ஆபீஸ் திறந்தபோதுதான் உறைத்தது. அரசாங்கம் சொன்ன பேச்சைக் கேட்டு ஜோடி சேர்ந்து வந்தவனுக்குப் பாதிக் கட்டணம், நேற்று வரை உள்ளே விடாத ஒற்றை ஆளுக்குக் காசு கொடுத்தால் வழி. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அப்போது ஒரு வீடியோவில் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறேன், தேடிப் பார்க்காதீர்கள்.

இப்போது பாதி மனம் மாறியிருக்கிறது. காரணம், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஒரு கதை.

அங்கே பத்தாம் நம்பர் ஃப்ரீவேயில் எல் மான்டே பஸ்வே என்று ஒன்று உண்டு. 1973-இல் பஸ்ஸுக்காகத் திறந்தது, பிறகு மூன்று பேர் உள்ள கார்களையும் விட்டார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'மூன்று பேர் எதற்கு, இரண்டு போதாதா' என்று ஒரு சட்டம் போட்டு, 2000 ஜனவரியில் இரண்டாகக் குறைத்தார்கள். லேன் நிரம்பி வழிந்தது. பறந்துகொண்டிருந்த பஸ் ஊர ஆரம்பித்தது, பயணிகள் கொதித்துப் போனார்கள். அதே ஜூலையில் நெரிசல் நேரத்துக்கு மறுபடியும் மூன்று! பின்னால் 2013-இல் அதையும் டோல் லேன் ஆக்கினார்கள், அது வேறு கதை.

இதில் எனக்குப் புரிந்தது என்னவென்றால், நம் சண்டை டோலோடு இல்லை, அந்த 2, 3 என்கிற எண்ணோடுதான். இரண்டு பேர் என்றால் கணவன் மனைவி, அம்மா பிள்ளை. அவர்கள் எப்படியும் ஒன்றாகத்தான் போவார்கள், லேன் வைத்ததால் ஒரு கார்கூடக் குறையவில்லை. கார் சீட்டில் தூங்குகிற கைக்குழந்தையும் இங்கே கணக்கில் ஓர் ஆள்! அப்படி லேன் நிரம்பிவிடுகிறது. மூன்று என்று வைத்தால் காலியாகக் கிடக்கிறது, பக்கத்தில் நிற்கிறவனுக்கு வயிறு எரிகிறது. அந்தக் காலி இடத்தை விற்கலாமே என்று வந்ததுதான் இந்த டோல். கூட்டம் ஏற ஏற விலையும் ஏறும். காசு வாங்கிக்கொண்டு விடுகிற லேன் என்றால், நெரிசல் நேரத்தில் 90 சதவீதம் நேரமாவது மணிக்கு 45 மைல் வேகம் இருக்க வேண்டும் என்று இவர்களுடைய மத்திய சட்டமே சொல்கிறது.

விலை ஏறினால் ஆள் குறையும் என்றுதானே நினைப்போம்? மின்னசோட்டாவில் ஆராய்ந்து பார்த்தால், ஏறினபோது அதிகம் பேர் உள்ளே போனார்களாம். 'இவ்வளவு கேட்கிறான் என்றால் முன்னால் பெரிய ஜாம் போலிருக்கிறது' என்ற பயம். கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறினால் இன்னும் ரெண்டு கிலோ சேர்த்து வாங்குகிற கதைதான்.

வர்ஜீனியாவில் 66-ஆம் நம்பர் ரோடு இன்னும் வேடிக்கை. வாஷிங்டனுக்குள் நுழைகிற அந்தப் பத்து மைலில், நெரிசல் நேரத்தில் தனி ஆள் போகவே கூடாது என்றுதான் முன்பு விதி. 2017 டிசம்பரில் காசு கட்டினால் போகலாம் என்றார்கள். இரண்டாம் நாளே போர்டில் 40 டாலர். ஊரே கத்தியது. யோசித்துப் பாருங்கள், அதற்கு முந்தின வாரம் அதே ஆளுக்கு அந்த நேரத்தில் அங்கே அனுமதியே இல்லை! 'கூடாது' என்றால் பொறுத்துக்கொள்கிறோம், '40 டாலர்' என்றால் பொறுக்க முடியவில்லை. பணக்காரன் போவான், நான் போக முடியாது என்பதை அந்த போர்டு தினமும் முகத்துக்கு நேரே சொல்கிறது அல்லவா? பணக்காரர்கள் ஓட்டுகிற காரின் பெயரில் லெக்ஸஸ் லேன் என்று இங்கே சும்மா பெயர் வைக்கவில்லை.

அட்லாண்டாவில் 2011-இல் 85-ஆம் நம்பர் ரோட்டில் நம் 880 மாதிரியே செய்தார்கள். இரண்டு பேருக்கான லேனை மூன்று பேருக்கான லேனாக்கி டோலும் போட்டார்கள். வெளியே தள்ளப்பட்ட ஜோடிகள் எல்லாம் பக்கத்து லேனில் சேர, அங்கே நெரிசல் முற்றியது. சில நாட்களிலேயே கவர்னர் தலையிட்டுக் கட்டணத்தைக் குறைக்க வேண்டி வந்தது. இதுதான் எனக்கு மீதி இருக்கிற பாதிக் கோபம். புதிதாக ஒரு லேன் போட்டு டோல் வாங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. இருக்கிற லேனை மாற்றும்போது யாரோ ஒருவன் இடம் பறிபோகிறது.

அப்புறம், வாங்குகிற காசு எங்கே போகிறது? சான் டியேகோவில் 15-ஆம் நம்பர் ரோட்டில் 1996-லேயே கார்பூல் லேனில் தனி ஆளை விட்டார்கள், வந்த காசில் அதே ரோட்டில் பஸ் விட்டார்கள். அது நியாயம். காசு கட்ட முடியாதவனுக்கும் ஒரு வழி கிடைத்தது. 880-இல் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பாதி டோல் என்று 2023-இல் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் எனக்குத் தள்ளுபடியை விட, ஏழேகாலுக்கு யூனியன் சிட்டியில் ஏறி மில்பிடாஸில் ஆபீஸ் வாசலில் இறங்க ஒரு பஸ் வேண்டும். பார்ட் ரயில் இருக்கிறதே என்பீர்கள். ஸ்டேஷனிலிருந்து என் ஆபீஸுக்கு யார் கொண்டுபோய் விடுவது?

போன வருடம் அம்மா அப்பா ஆறு மாதம் வந்து இருந்தார்கள். அவர்களோடு போகிறபோதெல்லாம் ஸ்விட்சைப் பெருமையாக மூன்றில் தள்ளுவேன். அம்மா கேட்டார், "மூணு பேர் வந்ததுக்கே இவ்வளவு மரியாதையாடா? நம்ம ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து விட்டா இவங்க காசு திருப்பிக் கொடுப்பாங்களா?" பதில் இல்லை என்னிடம்.

தனியாக உட்கார்ந்துகொண்டு மூன்றில் தள்ளுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஸ்விட்ச் எதில் இருக்கிறது என்று போலீஸுக்குத் தெரியும், மாட்டினால் குறைந்தது 490 டாலர். வேண்டாம்.

சரி, மீட்டிங் நேரம் ஆகிவிட்டது. நானும் நண்பரும் இன்னும் இரண்டிலேயேதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். யூனியன் சிட்டியிலிருந்து மில்பிடாஸ் பக்கம் வேலைக்கு வருகிற யாராவது இருந்தால் சொல்லுங்கள், பின்சீட் காலிதான். காலை ஏழேகால். லேட்டாக வருகிறவர்கள் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே வண்டியில் அப்படி ஒருவர் இருக்கிறார்.