சிவப்பழகு யாரோட விருப்பம்?

நடுவர் அவர்களுக்கும் அவையில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்ங்க. "விளம்பரம் வெறும் கண்ணாடிதான், ஊர்ல இருக்கிறதைத்தான் காட்டுது, எது வேணும்னு நம்ம பசங்களுக்கே தெரியும்"னு எதிரணில அடிச்சுப் பேசிட்டுப் போனாங்க. இல்லங்க, அந்த விருப்பத்தையே விளம்பரம்தான் உண்டாக்குதுங்கிறது எங்க அணி. நான் ஒரே ஒரு பொருளை வச்சு பதில் சொல்றேன், சிவப்பழகு க்ரீம்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி நிறத்தைப் பத்தி யாருமே பேசலையான்னா பேசுனாங்க, "பொண்ணு லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் கம்மி"ன்னு பொண்ணு பாக்க வந்தவங்க சொல்லிட்டுப் போவாங்க, அதை நான் மறுக்கவே இல்ல. ஆனா அது அடுத்தவங்க வாய்ல இருந்த பேச்சுங்க. விளம்பரம் அதை அந்தப் பொண்ணோட மனசுக்குள்ளயே கொண்டுபோய் வச்சுருச்சு, அதுவும் தன்னம்பிக்கைங்கிற பேர்ல!

அந்த ஏர் ஹோஸ்டஸ் விளம்பரம் பலருக்கு ஞாபகம் இருக்கும். வீட்ல கஷ்டம், அப்பா "எனக்கு ஒரு பையன் இருந்திருந்தா"ன்னு பெருமூச்சு விடுவாரு, அதைக் கேட்ட பொண்ணு க்ரீம் போடும், சிவப்பாகும், வேலை கிடைச்சுரும். அதுல அந்தப் பொண்ணு என்ன படிச்சுதுன்னு யாராவது கேட்டாங்களா? அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாம போராடுனதுக்கு அப்புறம் 2003-ல மத்திய அரசே அந்த மாதிரி விளம்பரத்தை நிறுத்தச் சொல்லுச்சு. வெறும் கண்ணாடியை எந்த அரசாங்கமாவது நிறுத்தச் சொல்லுமா நடுவரே?

இன்னொண்ணும் இருக்கு. அந்த க்ரீமோட ஷேட் கார்டுன்னு ஒண்ணு குடுத்தாங்க, ஒரு ஓரத்துல கறுப்பு, அப்படியே கட்டம் கட்டமா வெளுத்து வெளுத்து அடுத்த ஓரத்துல சிவப்பு. பதினஞ்சு வயசுப் பொண்ணு அதைக் கன்னத்துக்குப் பக்கத்துல வச்சு கண்ணாடி முன்னாடி நின்னு நாம எந்தக் கட்டம்னு பாக்கும், அடுத்த வாரமும் பாக்கும். அந்த அளவுகோலை அது கைல குடுத்தது யாருங்க? 2019-லதான் அதை எடுத்தாங்க, 2020-ல க்ளோ அண்ட் லவ்லின்னு பேரையும் மாத்துனாங்க. நடுவுல வளர்ந்த தலைமுறைக்கு யாரு பதில் சொல்றது?

பசங்க கதை இன்னும் தெளிவு. 2005-ல இமாமி கம்பெனி ஆம்பளைங்களுக்குன்னே ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்னு ஒரு க்ரீம் கொண்டு வந்துச்சு, அப்புறம் ஷாருக் கானே விளம்பரத்துல வந்து சொன்னாரு. கறுப்பா இருக்கிறதுதான் ஆம்பளைக்குக் களைன்னு சொல்லி வளத்த ஊருங்க இது, அங்க இருக்கிற பசங்களுக்கும் திடீர்னு ஒரு குறை முளைச்சுது. இதையும் அவனோட சொந்த விருப்பம்னு சொல்வீங்களா?

"நடிகை சாய் பல்லவி சிவப்பழகு க்ரீம் விளம்பரமே வேணாம்னுட்டாங்களே, அப்ப விருப்பம் நம்ம கைலதானே"ன்னு எதிரணில கேட்டாங்க. அவங்களுக்கு நான் கைதட்டுறேன், மனசாரத்தான். ஆனா ஒருத்தர் வேணாம்னு சொன்னது நாடு முழுக்க நியூஸ் ஆச்சே, சரின்னு நடிச்சவங்க எத்தனை பேரு, அதுல எத்தனை பேரு நியூஸ் ஆனாங்க? இதைக் கணக்குல வச்சுத் தீர்ப்பு சொல்லுங்க நடுவரே.